எபிரேய வேதத்தில் கணவனை இழந்த பெண் நிஜத்தில் எப்படி வாழ்ந்தாள்?

கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்து வைக்கிறேன். பழைய ஏற்பாட்டை முதல் முறையாக முழுவதும் வாசித்து வரும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "விதவையை ஒடுக்காதே, விதவைக்குக் கொடு என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அந்தக் காலத்தில் கணவன் இறந்த ஒரு பெண் உண்மையில் எப்படிப் பிழைத்தாள்? சொத்து வந்ததா? மறுமணம் உண்டா? நம் ஊரில் போல அமங்கலம் என்று ஒதுக்கினார்களா? இந்தச் சட்டங்களை யாராவது பின்பற்றினார்களா?" பார்க்க ஐந்து கேள்வி. அடியில் இருப்பது ஒன்றுதான். கட்டளைகளுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையைக் கேட்கிறார். கட்டளைகளைப் பட்டியல் போட்டுக் காட்டினால் அது பதில் ஆகாது.

எபிரேய வேதம், அதாவது பழைய ஏற்பாடு, கற்பிப்பது என் தொழில். பல வருடங்களாக வகுப்பில் இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. பதிலுக்கு முன் நம்மிடம் என்ன சான்று இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சட்டப் பகுதிகள் இருக்கின்றன; அவை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. கதைகள் இருக்கின்றன, அவற்றில் வருபவர்கள் தாமார், ரூத், அபிகாயில் போன்ற அசாதாரணப் பெண்கள். தீர்க்கதரிசிகளும் கவிதைகளும் இருக்கின்றன. அங்கே குற்றச்சாட்டும் புலம்பலும்தான் அதிகம். ஒரு சாதாரண மலைக்கிராமத்தில் கணவனைப் பறிகொடுத்து, நாற்பது வயதில் தனியாக நின்ற ஒரு பெண்ணின் வரவு செலவுக் குறிப்பு எதுவும் இதில் இல்லை. இருப்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிவது இது. அந்தச் சமூகத்தில் ஒரு பெண்ணின் கதி, கணவன் இறந்ததால் மட்டும் முடிவாகவில்லை. அவன் இறந்தபோது அவள் பக்கத்தில் யார் இருந்தார் என்பதுதான் அதை முடிவு செய்தது. வளர்ந்த மகன் இருந்தால் ஒரு வாழ்க்கை. சிறுபிள்ளைகளும் கடனும் இருந்தால் வேறு வாழ்க்கை. பிள்ளையே இல்லையென்றால் மாமனாரும் கொழுந்தனும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து இன்னொரு வாழ்க்கை. "பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை" என்று உபாகமம் என்ற சட்டப் புத்தகம் மூன்று பேரையும் ஒன்றாகக் கட்டிச் சொல்வதற்குக் காரணமும் இதுவே (பரதேசி என்றால் வேறு இடத்திலிருந்து வந்து தங்கியவன்). மூவருக்கும் நிலத்தின் மேல் உறுதியான உரிமை கிடையாது, ஊர் வாசலில் மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குக் கேட்கும்போது அவர்கள் சார்பில் எழுந்து பேச ஒரு ஆண் கிடையாது.

நிலத்திலிருந்து தொடங்குவோம். எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர் மோசேயிடம் வந்து, எங்கள் அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் அற்றுப்போகலாமா என்று கேட்கிறார்கள். அதன் பேரில் வாரிசு வரிசை சொல்லப்படுகிறது: முதலில் மகன், இல்லையென்றால் மகள், பிறகு இறந்தவனின் சகோதரர்கள், அப்பாவின் சகோதரர்கள், அதற்கும் பிறகு நெருங்கிய உறவுக்காரன். இந்த வரிசையில் மனைவி எங்குமே இல்லை. முதல் முறை படிக்கும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை, மகள்களின் வெற்றியோடு நின்றுவிடுகிறார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. நிலம் தகப்பன் வழிக் குடும்பத்துக்கு உரியது. மனைவி வேறு வீட்டிலிருந்து வந்தவள். நாளை வேறொருவனை மணந்தால் நிலமும் கூடப் போய்விடும். அதே அச்சம் 36ஆம் அதிகாரத்தில் மகள்கள் விஷயத்தில் வெளிப்படையாகவே எழுகிறது, அதனால்தான் அவர்கள் சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்று தீர்ப்பாகிறது.

இதற்குப் பல நூற்றாண்டு முந்திய பாபிலோன் சட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். கிமு 18ஆம் நூற்றாண்டு அமுராபியின் சட்டத்தில், கணவன் எதுவும் எழுதிவைக்காமல் இறந்தாலும் மனைவிக்கு அவள் கொண்டுவந்த சீதனம் திரும்பக் கிடைக்கும், கணவன் சொத்தில் ஒரு வாரிசுக்குச் சமமான பங்கும் உண்டு, மகன்கள் அவளை வீட்டை விட்டுத் துரத்தப் பார்த்தால் நீதிபதிகள் தலையிட வேண்டும். எபிரேயச் சட்டத்தில் இப்படி ஒரு வாசகம் கிடையாது. ஆனால் சட்டத்தில் இல்லை என்பதால் நடைமுறையிலும் இல்லை என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மோசேயின் சட்டம் என்று நமக்குக் கிடைத்திருப்பது முழுமையான சிவில் சட்டத் தொகுப்பு கிடையாது. திருமணம் எப்படிப் பதிவாகும், சீதனம் யாருக்குச் சேரும் என்பது போன்ற அன்றாட விஷயங்களை அது பெரும்பாலும் தொடுவதே இல்லை. அவை வழக்கத்தில் இருந்தவை, எழுதத் தேவைப்படாதவை.

நடைமுறையில் அவர்கள் கையில் ஏதோ இருந்தது என்பதற்கு அங்கங்கே தடயம் உண்டு. யோபு 24இல் கொடியவர்கள் விதவையின் மாட்டை அடகாகப் பிடுங்குகிறார்கள். அப்படியென்றால் அவளிடம் ஒரு மாடு இருந்திருக்கிறது, உழ ஏதோ ஒரு துண்டு நிலமும் இருந்திருக்க வேண்டும். நீதிமொழிகள் 15:25, கர்த்தர் விதவையின் எல்லையை நிலைநிறுத்துகிறார் என்கிறது; எல்லைக்கல்லை நகர்த்தித் திருடும் அளவுக்கு அவள் பேரில் நிலம் இருந்திருக்கிறது. சாறிபாத் ஊர் விதவைக்கு மேல் அறை உள்ள வீடு இருந்தது, சாப்பிட மட்டும் ஒரு பிடி மாவுதான் இருந்தது. ஆனால் அவள் சீதோன் தேசத்துப் பெண், அவளை வைத்து இஸ்ரவேலின் வழக்கத்தைப் பேசக்கூடாது. ரூத் 4இல் ரூத்தின் மாமியார் நகோமி, இறந்துபோன தன் கணவன் எலிமெலேக்கின் வயலை விற்கிறாள் என்று அவர்களுடைய உறவுக்காரர் போவாஸ் அறிவிக்கிறார்.

இந்த நகோமியின் வயல் பெரிய சிக்கல். வயல் இருந்தால் ரூத் ஏன் கதிர் பொறுக்கப் போக வேண்டும்? மகன் இல்லாத மனைவிக்கு வாரிசுரிமை இல்லை என்றால் அவள் எப்படி விற்பாள்? பஞ்ச காலத்தில் ஊரை விட்டுப் போனபோது நிலம் ஏற்கெனவே வேறொருவர் கைக்குப் போயிருந்தது, இப்போது அவள் கொடுப்பது அதை மீட்கும் உரிமையை மட்டும்தான் என்று சிலர் விளக்குகிறார்கள். மறுமணம் செய்யும்வரை அல்லது சாகும்வரை விதவைக்கு நிலத்தின் மேல் ஒருவித அனுபவ உரிமை இருந்தது என்பது வேறு சிலர் கருத்து. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். அப்படி ஒரு வழக்கம் இருந்தால்தான் யோபும் நீதிமொழிகளும் சொல்வது பொருந்துகிறது. ஆனாலும் இது சாய்வுதான், நிரூபணம் ஆகாது. 2 இராஜாக்கள் 8இல் சூனேம் ஊர்ப் பெண் ஏழு வருடம் பெலிஸ்தர் தேசத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தன் வீட்டையும் வயலையும் கேட்டு ராஜாவிடமே முறையிடுகிறாள். ராஜா அதோடு இடைப்பட்ட காலத்து விளைச்சலையும் கொடுக்கச் சொல்கிறார். நான்காம் அதிகாரத்திலேயே அவள் புருஷன் கிழவர் என்று சொல்லப்படுவதாலும், இங்கே அவரைப் பற்றிய பேச்சே இல்லாததாலும், அவள் அப்போது விதவை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததை நான் சான்றாக வைக்க மாட்டேன்.

வேதத்துக்கு வெளியே போனால் ஒரு நல்ல சான்று இருக்கிறது. எகிப்தில் அஸ்வானுக்கு எதிரே நைல் நதியில் எலிபன்டைன் என்று ஒரு தீவு. கிமு 5ஆம் நூற்றாண்டில், பாரசீக ஆட்சியில், அங்கே யூதப் படைவீரர்களின் குடியிருப்பு இருந்தது. அவர்களுடைய அரமேய மொழிப் பத்திரங்கள் பாப்பிரஸில் கிடைத்திருக்கின்றன. மிப்தாகியா என்ற பெண்ணின் திருமண ஒப்பந்தத்தில், பிள்ளை இல்லாமல் கணவன் இறந்தால் அவனுடைய வீட்டின் மேலும் பொருள்கள் மேலும் அவளுக்கே அதிகாரம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். யூதக் குடும்பங்களுக்கு இது நினைத்துப் பார்க்க முடியாத விஷயமாக இருக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அது எகிப்து மண், யூதேயாவின் மலைக்கிராமம் அப்படியே இருந்தது என்று சொல்ல முடியாது. அப்புறம் வெகுகாலம் கழித்து, கிபி 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், விதவையாக இருக்கும்வரை கணவன் வீட்டில் குடியிருந்து அவன் சொத்திலிருந்து சாப்பிடும் உரிமை திருமணப் பத்திரத்தின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. சட்டம் விட்ட இடைவெளியைப் பின்னால் வந்தவர்கள் ஒப்பந்தத்தால் அடைத்தார்கள் என்று இதைப் பார்க்கிறேன்.

இணையத்தில் தேடினால் ஒரு மண்பாண்டச் சில்லு பற்றியும் படிப்பீர்கள். மகன் இல்லாமல் கணவன் இறந்த ஒரு பெண் அதிகாரியிடம் நிலம் கேட்டு எழுதிய எபிரேய மனு என்று 1990களில் வெளியிடப்பட்டது. நம் கேள்விக்கு அச்சாகப் பொருந்துகிற வாசகம் அது. ஆனால் அது அகழாய்வில் கிடைத்ததல்ல, பழம்பொருள் சந்தை வழியாக ஒரு தனியார் சேகரிப்புக்கு வந்தது. போலி என்று பல எழுத்தியல் அறிஞர்கள் சந்தேகிக்கிறார்கள். நான் அதை வகுப்பில் சான்றாகப் பயன்படுத்துவதில்லை. நீங்களும் அதன்மேல் எதையும் கட்ட வேண்டாம்.

மகன் இருந்த விதவைக்கு வருவோம். 2 சாமுவேல் 14இல் தெக்கோவா ஊர்ப் பெண் துக்க உடையில் தாவீது முன் வந்து ஒரு கதை சொல்கிறாள்: நான் விதவை, எனக்கு இரண்டு மகன்கள், வயலில் சண்டை போட்டதில் ஒருவன் மற்றவனைக் கொன்றுவிட்டான், இப்போது மொத்த வம்சமும் மிச்சமிருக்கும் மகனையும் கொல்லக் கேட்கிறது, எனக்கு எஞ்சியிருக்கும் ஒரே நெருப்புத் துண்டையும் அவிக்கப் பார்க்கிறார்கள் என்று. கதை தாவீதின் படைத்தலைவன் யோவாப் சொல்லிக்கொடுத்த கற்பனை. ஆனால் தாவீது அதை நம்பினார். நம்பும்படி இருந்தது என்பதே நமக்குப் போதும். வாரிசைக் கொன்றுவிட்டால் நிலம் யாருக்குப் போகும்? பழிக்குப்பழி கேட்கும் அதே உறவுக்காரர்களுக்கு. வாரிசையும் அழிப்போம் என்று அவர்கள் சொல்வதாக அவளே வாய்விட்டுச் சொல்கிறாள். அந்தச் சமூகத்தை அறிந்த ஒருவர் எழுதிய வரி அது.

மறுகோடியில் பத்சேபாள். கணவன் உரியா இறந்ததும் துக்கம் கொண்டாடினாள், துக்க காலம் முடிந்ததும் தாவீதின் வீட்டுக்கு அழைத்து வரப்பட்டாள். தாவீதும் இறந்தபின் அவளைப் பார்க்கிறோம்: சாலொமோன் எழுந்து வந்து வணங்கி, தன் வலப்பக்கத்தில் ஆசனம் போட்டு உட்கார வைக்கிறான். மகன் சிங்காசனத்தில் இருந்தால் விதவைத் தாய் நாட்டிலேயே செல்வாக்கு மிகுந்த பெண்களில் ஒருத்தி.

சிறுபிள்ளைகளோடு நின்றவளின் நிலையை 2 இராஜாக்கள் 4 ஏழு வசனத்தில் காட்டுகிறது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிட யதார்த்தமான பகுதி வேதத்தில் இல்லை. தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் இறந்துவிட்டான். பக்திமான்தான், ஆனால் கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக எடுத்துக்கொள்ள வருகிறான். இது அக்கிரமம் என்று, அவள் முறையிட்ட தீர்க்கதரிசி எலிசா எங்கும் வாதாடவில்லை என்பதைக் கவனியுங்கள். கடனுக்குப் பிள்ளைகளைப் பிடிப்பது அன்று நடைமுறை. நெகேமியா 5இலும் இதே புலம்பல் கேட்கிறது. அவர் கேட்பது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கடனாக வாங்கி, கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்றச் சொல்கிறார். அற்புதம் நடந்தபின் அவர் சொல்லும் வார்த்தை முழுக்க வீட்டுக் கணக்கு: எண்ணெயை விற்று, கடனை அடைத்து, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். யாத்திராகமம் 22இல் விதவையை ஒடுக்காதே என்ற கட்டளைக்கு அடுத்த வசனமே வட்டிக்குக் கடன் கொடுப்பதைப் பற்றியது, அதற்கடுத்தது அடகாக வாங்கிய மேலாடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுப்பது பற்றியது. உபாகமம் 24:17 இன்னும் நேராக, விதவையின் உடையை அடகு வாங்காதே என்கிறது. விதவையை ஒடுக்குவது என்று சட்டம் எழுதியவர்கள் மனதில் முதலில் நினைத்தது கடனைத்தான் என்பது என் வாசிப்பு.

பிள்ளையே இல்லாமல் கணவன் இறந்தால்? உபாகமம் 25 சொல்லும் கொழுந்தன் மணம் இங்கே வருகிறது. ஒன்றாகக் குடியிருக்கும் சகோதரரில் ஒருவன் மகன் இல்லாமல் இறந்தால் மற்றவன் அவன் மனைவியை மணக்க வேண்டும். முதல் மகன் இறந்தவன் பெயரில் நிற்பான். சட்டம் சொல்லும் நோக்கம் இறந்தவனின் பெயர் அழியக்கூடாது என்பதே; பெண்ணின் நலன் என்று அது சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் அவளுக்குக் குடும்பத்தில் இடமும், பிற்காலத்துக்கு ஒரு மகனும் கிடைக்கிற வழி அது. கொழுந்தன் மறுத்தால் அவளே ஊர் வாசலுக்குப் போய் மூப்பர்கள் முன் வழக்கு வைக்கலாம், அவன் செருப்பைக் கழற்றி முகத்தில் துப்பலாம். ஒரு பெண் தானே வாதியாக நின்று பேச சட்டம் இடம் கொடுக்கும் அரிய இடங்களில் இது ஒன்று. ஆனால் மறுத்தவனுக்கு அவமானம் மட்டும்தான் தண்டனை. அவள் கைக்கு மகனும் வராது, நிலமும் வராது. லேவியராகமம் 18உம் 20உம் சகோதரன் மனைவியைச் சேர்வதைத் தடுக்கின்றனவே என்று அடுத்த கேள்வி வரும். அந்தத் தடை சகோதரன் உயிரோடிருக்கும் காலத்துக்கு என்று ஒரு விளக்கம் உண்டு. இவை வேறு வேறு வட்டாரங்களில், வேறு காலங்களில் உருவான சட்டங்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் மறுக்க வலுவான ஆதாரம் இல்லை.

இந்த ஏற்பாடு எப்படி உடையும் என்பதை ஆதியாகமம் 38 காட்டுகிறது. யூதாவின் மூத்த மகன் ஏர் இறக்கிறான், அவன் மனைவி தாமாரை இரண்டாமவன் ஓனானுக்குக் கொடுக்கிறார்கள். பிறக்கும் பிள்ளை தனக்கு ஆகாது என்று தெரிந்து அவன் ஏமாற்றுகிறான், அவனும் இறக்கிறான். மூன்றாமவன் சேலா சிறுவன். அவன் பெரியவனாகும்வரை உன் அப்பா வீட்டில் விதவையாக இரு என்று யூதா அவளை அனுப்புகிறான். இவனும் செத்துப்போவானோ என்ற பயம் அவனுக்கு, கொடுக்கும் எண்ணம் இல்லை. இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்றால் அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைப்போம். அப்படி ஆகவில்லை. சேலாவுக்கு உரியவளாக அவள் இன்னும் கட்டுப்பட்டிருக்கிறாள், வேறொருவனை மணக்க முடியாது. மாமனார் வீடு அவளுக்குச் சோறு போடவில்லை, ஆனால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், அவளை வெளியே கொண்டுவாருங்கள், சுட்டெரிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதே மாமனாருக்கு இருக்கிறது. பொறுப்பு ஒரு வீட்டில், அதிகாரம் இன்னொரு வீட்டில். அவள் விதவை உடையைக் களைந்து, முகத்தை மூடி வழியில் உட்கார்ந்து, விலைமகள் என்று நினைத்துத் தன்னைச் சேர்ந்த யூதாவிடமிருந்தே முத்திரையையும் கோலையும் அடகாக வாங்கி வைத்திருந்தது துணிச்சல் என்பதைவிட வேறு வழியே இல்லாத நிலை என்றுதான் சொல்வேன். அடகுப் பொருளைக் கண்டதும் யூதா ஒப்புக்கொள்கிறான்: என்னைவிட அவள் நீதியுள்ளவள், நான் சேலாவைக் கொடுக்கவில்லையே என்று. ஆண்டுதோறும் இந்த அதிகாரத்தை நடத்துகிறேன், இது ஒழுக்கக்கேட்டின் கதை என்று தொடங்கும் மாணவர்கள் கடைசியில் வழக்கு யார் மேல் என்று பார்த்துவிடுகிறார்கள்.

ரூத்தின் கதை அதே சட்டத்தின் இன்னொரு முகம், ஆனால் கண்டிப்பாகப் பார்த்தால் அது கொழுந்தன் மணம் ஆகாது. போவாஸ் ரூத்தின் இறந்த கணவன் மக்லோனின் சகோதரன் அல்ல, தூரத்து உறவு. நிலத்தை மீட்கும் கடமையும் இறந்தவன் பெயரை நிறுத்தும் கடமையும் அந்தப் புத்தகத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. வேறு எந்தச் சட்டப் பகுதியிலும் அப்படிச் சேர்வதில்லை. பெத்லகேமில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததா, அல்லது போவாஸ் வாசலில் பத்து மூப்பர்களை வைத்துக்கொண்டு சாமர்த்தியமாக இரண்டையும் பிணைத்தாரா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

யார் சோறு போட்டார்கள் என்ற கேள்விக்கு, வேதத்தில் பதில் பெரும்பாலும் அறுவடையைச் சுற்றியே இருக்கிறது. வயலில் மறந்துபோன அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, ஒலிவ மரத்தை இரண்டாம் முறை உலுக்காதே, திராட்சைத் தோட்டத்தில் மீந்ததைப் பறிக்காதே, அவை பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று உபாகமம் 24 சொல்கிறது. இதை வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வாற்கோதுமையும் கோதுமையும் ஏப்ரலிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, திராட்சை கோடையின் கடைசியில், ஒலிவம் அக்டோபர் நவம்பரில். நடுவில் மழைக்காலம் முழுக்கக் கையிருப்பில் ஓட்ட வேண்டும். ரூத் முதல் நாளில் ஏறத்தாழ ஒரு எப்பா, அதாவது 20 லிட்டருக்கு மேல் வாற்கோதுமை கொண்டுவந்தாள் என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கதிர்களை உருவிப் போடச் சொல்லி போவாஸ் ஆட்களுக்கு உத்தரவிட்டிருந்தார். நகோமியே அளவைப் பார்த்து, எங்கே பொறுக்கினாய் என்று ஆச்சரியப்படுகிறாள். அதோடு வயல் பாதுகாப்பான இடமும் இல்லை. உன்னைத் தொடக்கூடாது என்று வேலைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன் என்று போவாஸ் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது, வேறு வயலுக்குப் போகாதே என்று நகோமியும் எச்சரிக்கிறாள். இதற்கு மேல் மூன்றாம் வருடத் தசமபாகம் இருந்தது. அந்த வருடம் விளைச்சலில் பத்தில் ஒன்று எருசலேமுக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே சேர்த்து வைக்கப்பட்டு, நிலம் இல்லாத ஆலய ஊழியரான லேவியருக்கும் இந்த மூவருக்கும் உணவாக வேண்டும். எழுதியபடி நடந்திருந்தால் இதுதான் அவளுடைய நிலையான ஆதாரம்.

மறுமணத்துக்குத் தடை கிடையாது. இதில் சந்தேகமே வேண்டாம். அபிகாயிலின் கணவன் நாபால் இறந்த செய்தி கேட்டதும் தாவீது அவளுக்கு ஆள் அனுப்பினார், அவள் உடனே கழுதை ஏறிப் புறப்பட்டாள். நாபாலின் மூவாயிரம் ஆடுகளும் ஆயிரம் வெள்ளாடுகளும் யாருக்குப் போயின என்று கதை சொல்லவில்லை. கணவர்களை இழந்த தன் மருமகள்கள் ஒர்பாளையும் ரூத்தையும் நகோமி திருப்பி அனுப்பப் பார்த்ததே, வேறொரு கணவன் வீட்டில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான். கட்டுப்பாடு ஆசாரியருக்கு மட்டும்: பிரதான ஆசாரியன் விதவையை மணக்கக்கூடாது என்று லேவியராகமம் 21 சொல்கிறது. எசேக்கியேல் 44 அதை எல்லா ஆசாரியருக்கும் விரிக்கிறது, ஆசாரியனின் விதவை மட்டும் விலக்கு. ஆசாரியனின் மகள் பிள்ளையில்லாமல் விதவையானால் அப்பா வீட்டுக்குத் திரும்பி, சிறுவயதில் சாப்பிட்டது போலவே பரிசுத்த உணவைச் சாப்பிடலாம் என்பது லேவியராகமம் 22:13. மறுமணம் உண்மையிலேயே மறுக்கப்பட்ட இடம் அரண்மனை. தன் மகன் அப்சலோம் சேர்ந்த பத்து மறுமனையாட்டிகளை தாவீது காவலில் அடைத்துச் சோறு மட்டும் போட்டார். புருஷன் உயிரோடிருக்கும்போதே சாகும்வரை விதவைகளைப் போல வாழ்ந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை.

அமங்கலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி வருவது இயல்பு, அதனால் நேராகவே சொல்கிறேன்: விதவை எதிரே வந்தால் ஆகாது, சுப காரியத்தில் நிற்கக்கூடாது என்ற எண்ணம் எபிரேய வேதத்தில் எனக்கு எங்கும் தென்பட்டதில்லை. உபாகமம் 16 இதற்கு நேர் எதிராகப் போகிறது. வாரங்களின் பண்டிகையிலும் கூடாரப் பண்டிகையிலும் நீ மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று சொல்லி, யார் யாரோடு என்று பெயர் சொல்கிறது. அதில் விதவையும் இருக்கிறாள். ரூத்துக்கு ஓபேத் பிறந்தபோது பெத்லகேம் பெண்கள் நகோமியைச் சுற்றி நின்று வாழ்த்துகிறார்கள், பிள்ளையை அவள் மடியில் வைக்கிறாள், பெயர் வைப்பது அண்டை வீட்டுப் பெண்கள். ஆனால் அவமான உணர்வே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏசாயா 54:4 விதவை நாட்களின் நிந்தையைப் பற்றிப் பேசுகிறது. கர்த்தருடைய கை எனக்கு விரோதமாக நீண்டது என்று நகோமி தன்னைப் பற்றியே சொல்கிறாள். விதவைக்கு என்று தனி உடை இருந்தது தாமார் கதையில் உறுதியாகிறது. எவ்வளவு காலம் அணிந்தார்கள் என்பதற்கு வசனம் இல்லை. இதோடு ஒரு சிறிய சட்டத்தையும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். எண்ணாகமம் 30இல் மகளின் நேர்ச்சையை அப்பா ரத்து செய்யலாம், மனைவியின் நேர்ச்சையைக் கணவன் ரத்து செய்யலாம். விதவையும் விவாகரத்தானவளும் செய்த நேர்ச்சையை யாரும் ரத்து செய்ய முடியாது. பணமும் பலமும் இல்லாதவளுக்கும் சொன்ன வார்த்தை சொந்தமாக இருந்தது.

கடைசிக் கேள்வி, பின்பற்றினார்களா என்பது. விதவையைக் காப்பது ராஜாவின் கடமை என்ற பேச்சு இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதல்ல; பலவான் பலவீனனை ஒடுக்காதிருக்க, திக்கற்றவனுக்கும் விதவைக்கும் நியாயம் கிடைக்க என்று அமுராபியும் தன் கல்வெட்டில் எழுதினான், பழைய சிரியக் கடற்கரையின் உகாரித் நகரக் கதையில் தானேல் என்ற தலைவர் வாசலில் உட்கார்ந்து விதவையின் வழக்கைத் தீர்க்கிறார். இஸ்ரவேலின் சட்டம் இந்தப் பொறுப்பை ராஜாவிடம் விடாமல், வயல் வைத்திருக்கும் ஒவ்வொருவன் மேலும் வைத்தது. கூடவே, நீ ஒடுக்கினால் உன் மனைவியே விதவையாவாள் என்ற மிரட்டலையும் வைத்தது. அது போதவில்லை என்பது தீர்க்கதரிசிகளின் வாயிலிருந்து தெரிகிறது. ஏசாயா 1:23இல் எருசலேமின் அதிகாரிகள் பரிதானம் வாங்குகிறார்கள், விதவையின் வழக்கு அவர்கள் முன் போய்ச் சேர்வதே இல்லை. 10ஆம் அதிகாரத்தில் அநியாயமான ஆணைகளை எழுதியே விதவைகளைக் கொள்ளையாடுகிறார்கள், அதாவது திருட்டு பத்திரத்தின் மூலமாக, சட்டப்படியே நடக்கிறது. எரேமியா 7, எசேக்கியேல் 22, பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் சகரியா 7, மல்கியா 3 வரைக்கும் அதே குற்றச்சாட்டு தொடர்கிறது. தீர்க்கதரிசிகள் மிகைப்படுத்திப் பேசுபவர்கள்தான், ஆனால் நூற்றாண்டுகள் தாண்டி இத்தனை பேர் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது அதை வெறும் மிகை என்று தள்ள எனக்கு மனமில்லை. சில கிராமங்களில் போவாஸைப் போன்ற சிலர் சட்டத்துக்கு மேலேயே செய்திருக்கலாம். அதிகாரத்தில் இருந்தவர்கள் செய்யவில்லை என்பதற்குத்தான் நம்மிடம் அதிகச் சாட்சி இருக்கிறது.